பத்துப் பொருத்தமும் அட்டை லேப்டாப்பும்

காரைக்கால் மாவட்டத்தில் இன்றைக்கு ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர்களில் பாதி, ஒரே ஒரு மனிதர் முன்னின்று முடித்து வைத்த சம்பந்தங்கள். மீதிப் பாதி, அவர் பேச்சைக் கேட்காமல் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டவை. இந்த இரண்டாவது வகையில் எத்தனை இப்போது பரணில் கிடக்கின்றன என்று கேட்டால், ஊர், தெரு, வீட்டு அடையாளத்தோடு சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

அவருக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று ரேஷன் கார்டில் இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கெல்லாம் அவர் 'பத்துப் பொருத்தம்'. கீழவாஞ்சூர் துறைமுகத்துப் பக்கம் ஒரு லாரி ஆபீஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது வேலை. நிலக்கரித் தூசி புகுந்து மூச்சுத் திணறும் பெட்டிகளைக் கழற்றி, பெயின்ட் அடிக்கிற பிரஷ்ஷால் தட்டித் தட்டி உயிர் கொடுப்பார். வாரத்தில் ஆறு நாள் அவர் என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறார் என்று யாராலும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கையில் துணிக்கடைப் பை. அன்றைக்கு அவர் பொருத்தம் பார்க்கக் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம்.

"சார், கம்ப்யூட்டர் வாங்கலாம்னு இருக்கோம், எது நல்லது?" என்று யாராவது கேட்டுவிட்டால் மனிதருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"எந்தப் பொண்ணுங்க நல்ல பொண்ணுன்னு கேப்பீங்களா? யாருக்குன்னு சொல்ல வேணாம்?"

அதற்கப்புறம் பொருத்தங்கள் வரிசையாக வரும். தினப் பொருத்தம் என்றால் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உட்காருவீர்கள் என்பது. கணம் என்றால், கோபம் வந்தால் கீபோர்டைத் தட்டுவீர்களா, குத்துவீர்களா. மகேந்திரம் என்றால், பின்னால் பிரின்டர், ஸ்கேனர் என்று குழந்தை குட்டிகள் வருமா. ராசியில்தான் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் வரும். "விண்டோஸ் மேஷங்க, எல்லார் வீட்டுக்குள்ளயும் முட்டிக்கிட்டு நுழைஞ்சுடும். லினக்ஸ் விருச்சிகம், பழகற வரைக்கும் கொட்டும், பழகிட்டா சாது. மேக் சிம்மம், அதுக்குத் தனி ராஜாங்கம்" என்பார். வேதை என்றால் ஆகாத பகை; அதில் உப்புக்காத்து, நிலக்கரித் தூசி, அறுவடைத் தூசி, பல்லி. யோனிப் பொருத்தத்தை மட்டும், பெண்கள் இருக்கிற இடம் என்று கூச்சப்பட்டு விட்டுவிடுவார். ஆகவே எங்கள் பக்கத்தில் எல்லாக் கம்ப்யூட்டர்களும் ஒன்பது பொருத்தத்தில்தான் ஓடுகின்றன.

கடைசியாக ராசி அதிபதி. பாஸ்வேர்டு யார் கையில் இருக்கும் என்ற கேள்வி அது. இதற்கெல்லாம் ஒரு பொருத்தமா என்று நான் நினைத்ததுண்டு.

கேள்வி பதிலோடு விட மாட்டார். துணிக்கடைப் பையிலிருந்து அட்டையில் வெட்டிய கம்ப்யூட்டர்கள் வெளியே வரும். அட்டை மானிட்டர், அட்டை சிபியு, நடுவில் துணி ஒட்டி மடக்கித் திறக்கிற மாதிரி ஓர் அட்டை லேப்டாப். கீபோர்டில் எல்லா எழுத்தையும் பால்பாயின்ட் பேனாவால் எழுதி வைத்திருப்பார். வாங்கப்போகிறவர் அதன் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்து டைப் அடிக்க வேண்டும். நாற்பது வயது ஆம்பிளைகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அட்டையைத் தட்டுவதையும், இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்பதையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒருவர் மும்முரமாக அடித்துவிட்டு, "சேவ் பண்ணிடட்டுங்களா?" என்று கேட்டார்.

பட்டினச்சேரியில் ஒரு படகுக்காரர் இவரை வரவழைத்தார். கையில் பணம் இருந்தது, மனசில் மேக் லேப்டாப் இருந்தது.

"வெல என்னவா இருந்தாலும் பரவால்ல. பாக்க எடுப்பா இருக்கணும்."

"ஜன்னலத் தொறந்து வச்சிட்டுத்தான் தூங்குவீங்களா?"

"கடக்காத்து இல்லாம தூக்கம் வருமா?"

"அப்ப டெஸ்க்டாப்புதாங்க. உப்பு அரிச்சா ஒவ்வொரு பார்ட்டாத்தான் போவும், ஒவ்வொண்ணா மாத்திக்கலாம். லேப்டாப்புன்னா எது போனாலும் மொத்தமா மடியில வச்சிக்கிட்டு அழுவணும்."

படகுக்காரருக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் கேட்டுக்கொண்டார். இன்றைக்கும் அவர் வீட்டு டெஸ்க்டாப் ஓடுகிறது. முதலில் வாங்கியதில் இப்போது மிச்சம் இருப்பது மௌஸ் பேட் மட்டும்தான் என்று கேள்வி.

டவுனில் ஓர் அம்மா. கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் என்பதால் அந்த வீட்டுக்கு இன்னமும் 'சொல்தா வீடு' என்றே பெயர். பாரிசில் இருக்கும் மகளுக்குக் கடிதம் அடிக்க, அங்கே மகள் வீட்டில் பழகின மாதிரி எழுத்துகள் இடம் மாறி இருக்கிற பிரெஞ்சு கீபோர்டுதான் வேண்டும் என்று அந்த அம்மா ஒற்றைக்காலில் நின்றார். இவர் எங்கெங்கோ சொல்லி வைத்து வரவழைத்து, மாட்டி, தன் பெயரை அடித்துப் பார்த்தார். வேறு யாருடைய பெயரோ வந்தது. மூன்று தடவை அடித்தார், மூன்று பேர் வந்தார்கள். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரைக்கும் கேட்டதாம். "பொருத்தம் ஒங்களுக்கும் அதுக்கும்தாம்மா, எனக்கும் அதுக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டுக் காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

இப்படிப்பட்ட மனிதரைத்தான் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார்.

எங்கள் ஊர் நெடுங்காட்டுப் பக்கம். எந்தத் திசையில் திரும்பினாலும் வயல். நான் கம்ப்யூட்டர் படித்தவள். படித்து முடித்த கையோடு கல்யாணமாகி, எட்டு வருஷமாக மிக்ஸி தவிர எந்த மெஷினையும் இயக்காதவள். எப்படியோ எழுதிப் போட்டு ஒரு வேலை வந்திருந்தது. ஹெட்போனில் ஆட்கள் பேசுவதைக் கேட்டு வீட்டிலிருந்தே டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை. ஒரு மாதம் பார்ப்பார்களாம். ஒரு நாள் நேரம் தவறினாலும், நடுவில் விட்டுவிட்டு எழுந்து போனாலும் வேறு ஆள் போட்டுக்கொள்வார்களாம். இந்த வேலை போனால் இன்னொன்றுக்கு எழுதிப் போட எனக்குத் தெம்பு கிடையாது. அந்த ஒரு மாதம்தான் எனக்கு எல்லாம்.

லேப்டாப்தான் வாங்குவது என்று வீட்டில் ஏகமனதாக முடிவாகியிருந்தது. "எங்க வேணாலும் தூக்கிட்டுப் போலாம்" என்றார் என் கணவர். மாடியில் படுத்துக்கொண்டே மேட்ச் பார்க்கலாம் என்றார் கொழுந்தனார். வயல் போர்செட்டுக்கு எடுத்துப்போய் நெல் விலை பார்க்கலாம் என்றார் மாமனார். எனக்கும் லேப்டாப் மேல்தான் ஆசை. வெள்ளி நிறத்தில், ஒல்லியாக, மடியில் வைத்துக்கொள்கிற மாதிரி. கனவில்கூட வந்தது.

பத்துப் பொருத்தம் என் வேலை நேரத்தைக் கேட்டுக்கொண்டு, கூடத்தில் பாயை விரிக்கச் சொல்லி, அட்டை லேப்டாப்பை என் மடியில் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆரம்பிங்கம்மா. பத்து நிமிஷம்."

நான் அட்டையைத் தட்டத் தொடங்கினேன். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, "அண்ணி, ஸ்க்ரீன் எத்தன இஞ்ச்சு?" என்று கொழுந்தனார் அதைத் தூக்கி, கையை நீட்டி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் அதை என்னிடம் கொடுத்திருக்கலாம். "கேசரி ரெடியா, சாருக்கு எடுத்துட்டு வா" என்று என்னை எழுப்பிவிட்டு, தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் கேசரித் தட்டோடு திரும்பி வந்தபோது கரண்ட் போயிருந்தது. மாமனார் அட்டை லேப்டாப்பை அகலமாகத் திறந்து விசிறிக்கொண்டிருந்தார். கீபோர்டுப் பக்கம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது.

பத்துப் பொருத்தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு துண்டுச்சீட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"பாஸ்வேர்டு யாரு வச்சிக்கப் போறீங்க?"

"அதுல என்ன சார், வீட்டுக்குப் பொதுதானே" என்றார் என் கணவர்.

"லேப்டாப்பு பொருந்தலைங்க. டெஸ்க்டாப்புதான்."

மாமனாரின் விசிறல் பாதியில் நின்றது. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கேசரித் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை, அவர் அதற்குள் பாதியைக் காலி செய்திருந்தார்.

"சரி, அப்ப இங்க கூடத்துல டிவிக்குப் பக்கத்துல வச்சிடலாம்" என்று என் கணவர் சமாளித்தார்.

பத்துப் பொருத்தம் எழுந்து, மூக்கை உயர்த்திக் கூடத்துக் காற்றை இழுத்துப் பார்த்தார்.

"இங்க ஆவாது. உப்புக்காத்து."

"உப்புக்காத்தா? இங்கயா?" என்றார் மாமனார். அறுபது வருஷமாக அந்தக் காற்றில் நெல் தூற்றியவர்.

"ஒங்களுக்குத் தெரியாதுங்கய்யா. மதர்போர்டுக்குத் தெரியும்."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மதர்போர்டு என்பவர் யார் என்று தெரியாதபோது எப்படி எதிர்த்துப் பேசுவது?

அடுத்து எங்கள் படுக்கையறை. கிழக்கு ஜன்னல், ஆகாது. கொழுந்தனார் அறை. வாசலில் டிராக்டர் போகும்போது ஆட்டம், ஆகாது. கடைசியில் கொல்லைப்பக்கம் யூரியா மூட்டையும் விதைநெல்லும் அடுக்கியிருந்த சின்ன அறைக்குள் போய், சுவரைத் தட்டிப் பார்த்து, "இதான்" என்றார்.

"மூட்டையெல்லாம்?"

"எடுத்துடுங்க. யூரியா வாடை ஹார்ட் டிஸ்குக்கு ஒத்துக்காது. கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்குதா? இல்லேன்னா ஒண்ணு போட்டுடுங்க."

"உள்தாழ்ப்பாள் எதுக்கு சார்?"

"ஒம்பதுலேருந்து ஒண்ணு வரைக்கும் கதவத் தொறக்கவே கூடாதுங்க. மெஷின் சூடா இருக்கும். அந்த நேரத்துல வெளிக்காத்து பட்டா ஜன்னி கண்டுடும்."

கம்ப்யூட்டருக்கு ஜன்னி வரும் என்று ஒரு மனிதர் வெள்ளைச் சட்டையோடு சொல்கிறார், படித்த என் கணவர் தலையாட்டுகிறார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அழுகையும் கூடவே வந்தது. எட்டு வருஷம் கழித்துக் கிடைத்த வேலையை யூரியா வாடையில் உட்கார்ந்து பார்க்கணுமா என்று அன்றைக்குப் பத்துப் பொருத்தத்தை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். சிபியு மேஜைக்கு அடியில், கரண்ட் போனால் தாங்குவதற்கு யுபிஎஸ் பக்கத்தில், மானிட்டர் மேலே, ஏழு ஒயர்கள் சுவரோடு. யாராலும் எதையும் தூக்கிக்கொண்டு போக முடியாது. பாஸ்வேர்டை நானே போட்டேன். யாரும் கேட்கவும் இல்லை. மேட்ச் நடந்த நாளில்கூட கொழுந்தனார் கொல்லைப்பக்கம் வரவில்லை. முதல் நாளே ஒன்பதரை மணிக்குக் கதவில் மெதுவாக விரலால் தட்டும் சத்தம் கேட்டது. ஹெட்போனைக் கழற்றினேன்.

"கதவத் தொறக்க வேணாம். என் நீலச் சட்ட எங்க இருக்குன்னு மட்டும் சொல்லு" என்றார் என் கணவர் வெளியிலிருந்து. கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் எனக்காக யாரும் கதவைத் தட்டியது அதுதான் முதல் தடவை.

ஒரு மாதம் முடிந்தது. நாளையிலிருந்து நீங்கள் எங்கள் ஆள் என்று அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் பேசினாள். அன்றைக்குச் சாயங்காலமே பாதுஷா வாங்கிக்கொண்டு கீழவாஞ்சூர் லாரி ஆபீஸுக்குப் போனேன். பத்துப் பொருத்தம் ஒரு சிபியுவுக்குள் பிரஷ்ஷை விட்டுக்கொண்டு, தலையிலிருந்து கால் வரை கறுப்பாக நின்றிருந்தார்.

"சார், ஒண்ணு கேக்கணும். எங்க ஊருக்கு உப்புக்காத்து எப்படி சார் வரும்?"

"ஒங்க ஊருக்கு உப்பு மளிகைக் கடையிலேருந்துதாம்மா வரும்" என்றார் பிரஷ்ஷை நிறுத்தாமல். அவர் முகத்தில் வெள்ளையாகத் தெரிந்தது பல் மட்டும்தான்.

"அப்ப ஜன்னி?"

"பத்து நிமிஷத்துல அட்டை ஒங்க கையில இருந்தது ஒரு நிமிஷம்மா. மிச்சத்த நான் குறிச்சு வச்சிருக்கேன். அட்டைக்கே இந்த கதின்னா லேப்டாப்பு என்னத்துக்கு ஆவும்?" என்றார். பிறகு பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"என் தங்கச்சிக்கு நான் லேப்டாப்புதான் வாங்கிக் குடுத்தேன். எல்லாப் பொருத்தமும் பாத்தேன், யாரு கையில இருக்கும்னு மட்டும் கேக்காம வுட்டுட்டேன். ஒங்கள மாதிரி வீட்டுலயே வேல கெடச்சுது, ஒரு வாரம் பாத்தா. அப்பறம் மச்சான் ஆபீஸுக்கு வேணும்னு எடுத்துட்டுப் போயிட்டாரு. அவளும் குடுத்துட்டா. கேட்டா, பரவால்லண்ணேங்கறா."

வெளியே நிலக்கரி லாரி ஒன்று கடந்துபோனது. கறுப்புக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பொட்டலத்திலிருந்து ஒரு பாதுஷாவை எடுத்தார்.

"பாஸ்வேர்ட யாருக்கும் சொல்லிடாதீங்க" என்றார்.

சரிங்க சார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிண்ணே" என்று வந்தது.