நின்று நின்று போன மோரிஸ்

"மல்லிகை வாடிரும், வண்டிய எடுங்கய்யா!" என்று பூக்கூடையோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள் சுந்தரம்மாள்.

பழைய மோரிஸ் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த சுருளிவேல் திகைத்துப் போனார். "ஏம்மா, இது என்ன நிலக்கோட்டை பஸ்ஸா? மைல்கல்லுக்கு மைல்கல் நிறுத்துறது கிளட்சுக்காக. புதுசு மாட்டியிருக்கு. தினம் கொஞ்ச தூரம் நின்னு நின்னு போனாத்தான் படியுமாம். ஆள் ஏத்தக் கூடாதுன்னு மெக்கானிக் மீரான் சொல்லியிருக்கான்."

"நீங்க எங்க ஏத்துனீக? நாந்தான ஏறுனேன்!"

சுருட்டுக் கம்பெனி மேனேஜராக இருந்து ஓய்ந்தவர் அவர். மனைவி பொன்னழகு போய்ச் சேர்ந்து வருஷம் ஒன்றாகிறது. திண்டுக்கல்லில் அம்புட்டுப் பெரிய வீட்டில் பேச்சுத் துணைக்கு ஒரு ஈ காக்காய் இல்லை. பாவம், காரோடுதான் பேசுவார். "மெதுவா ஆத்தா, மெதுவா" என்று அவர் கொஞ்சுவது ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும். இன்றைக்கு என்னடாவென்றால், பின்னால் ஒருத்தி தன் மருமகள் வைத்த குழம்பைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மைல்கல்லை விட்டுவிட்டுச் சுடுகாட்டோரம் நிறுத்தினார். அங்கே சந்தைக்குக் கிளம்பிய மொக்கைச்சாமி கோழியும் கையுமாக நின்றான்.

"நேத்துக் கோவமாப் போனீகளாம்ல. அதான், இன்னைக்கு இங்கனதான் நிப்பீகன்னு வந்தேன்."

அடுத்த நாள் 'ஆள் ஏற்றப்படாது' என்று அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் மாட்டினார். வந்தது வினை! அதுவரைக்குமாவது கார் என்றிருந்தது. போர்டு தொங்கியதும் பஸ்ஸேதான் என்றாகிவிட்டது. எழுத்து வாசனை இல்லாத லூர்தம்மாள் மூட்டையைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, "ரைட், போகலாம்!" என்றாள்.

நாளுக்கு ஒருவராக ஏறினார்கள். நிலக்கோட்டை பஸ் தினமும் காலி சீட்டுகளோடு முந்திக்கொண்டு போனது. 'பஸ் காசை மிச்சம் பிடிக்குதுக, கஞ்சப் பிசினாறிக' என்று கறுவினார் சுருளிவேல். ஆனால் கொஞ்ச நாளில் காலையில் எழுந்ததும் சவரம் செய்துகொள்ள ஆரம்பித்திருந்தார். சுந்தரம்மாளின் மருமகள் இன்றைக்கு என்ன குழம்பு வைத்தாளோ என்கிற கவலை வேறு.

ஒருநாள் மீரான் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, "கிளட்சு நல்லாப் படிஞ்சிருச்சு மொதலாளி. இனி எங்கயும் நிக்க வேணாம்" என்றான்.

சுருளிவேல் பானட்டை மறுபடி திறந்தார். நிற்காமல் போய் யாரைப் பார்க்கப் போகிறார்?

"நல்லாப் பாருப்பா. எங்கயாச்சும் உரசுதா?"

"இல்லவே இல்ல!"

மறுநாள் மைல்கல்லில் சுந்தரம்மாள் நின்றாள். நிறுத்தினார். "இன்னும் படியலம்மா. ஏறு" என்று சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது.

பின்னாலேயே வந்து நின்ற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் தலையை நீட்டினான். "பூவ வச்சுக்கிட்டு இந்த நத்தை வண்டியில ஏன் ஆத்தா ஏறுற? பஸ்ஸுதான் காலியாக் கிடக்குல்ல!"

"நீ போலே! அய்யா தனியாக் காரோட பேசிக்கிட்டுப் போறாகளேன்னு, கம்மாய்த் தண்ணிக்கு முறை வைக்கிற மாதிரி வச்சு ஏறுறோம். இன்னைக்கு என் முறை!"