கல்லீரலில் காணாமல் போன வைரஸ்

"வைரஸ் எங்கப்பா?"

பேராசிரியர் டெக்னீஷியனைக் கேட்டார். நாள்பட்ட ஹெபடைடிஸ் நோயாளியின் கல்லீரல் துணுக்கு அது. எலக்ட்ரான் நுண்ணோக்கி எடுத்த படத்தில் செல் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது; மிஞ்சியது நாலே புள்ளி. போன வாரம் இதே துணுக்கில் கருப்புப் புள்ளிகள் மொய்த்தன. அவைதான் வைரஸ் என்று பேராசிரியர் கட்டுரையே எழுதிவிட்டார்.

"நாளைக்கு மாநாட்டுல பெரிசா ஒரு படம் காட்டணும். அது நல்லா அமைஞ்சா உன் வேலை நிரந்தரம். இல்லேன்னா என்னைக் கேக்காதே."

அவன் தலையாட்டினான். வேலை நிரந்தரமானதும் வேறு வீடு பார்க்கலாம் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தான்.

ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு 'ரேடியோ' என்று பெயர். கை வேலை செய்தால் வாயும் சேர்ந்து வேலை செய்யும். இன்று தொண்டை கட்டிக்கொண்டதால் வாய்க்கு மட்டும் லீவு.

துணுக்கைப் புதிதாக மெல்லச் சீவினான். படத்தில் செல் எடுப்பாகத் தெரிவதற்காகச் சீவலை ஈயச் சாயத்தில் போட்டான். தூசு விழாமலிருக்க முகமூடி மாட்டிக்கொண்டான். படம் எடுத்துப் பார்த்தால், இருந்த நாலு புள்ளியும் போயிருந்தன. அடுத்த தடவை கை நடுங்காதபடி மூச்சையே அடக்கிக்கொண்டு செய்தான். மருந்துக்குக்கூட ஒரு புள்ளி இல்லை.

"நீ கவனமா செய்யச் செய்ய அது ஓடுதே. துணுக்கை மாத்திட்டியா?"

"அதே துணுக்குதான் சார்," என்றான் கரகரப்பாக. அழுகை வந்துவிடும் போலிருந்தது.

பேராசிரியர் போனதும், கடைசி முயற்சியாக இன்னொரு சீவலைச் சாயத்தில் போட்டான். அப்போது மனைவி ஃபோனில் வந்தாள்.

"வீட்டுக்காரர் இன்னைக்கே பதில் கேக்கறாரு. வேலை நிரந்தரம்தானே?"

"ஆன மாதிரிதான்."

"மாதிரின்னா?"

அவ்வளவுதான். முகமூடியைக் கழற்றினான். ஃபோனைச் சாயத் தட்டின் விளிம்பில் சாய்த்து வைத்தான். தட்டின் மேல் குனிந்து, கட்டிய தொண்டை திறந்துகொள்ளும்வரை விளக்கம் சொன்னான். பேராசிரியரின் குணம், நோயாளியின் கல்லீரல், மாமியாருக்கு எந்த அறை என்று ஒன்றையும் விடவில்லை. சீவல் அதுபாட்டுக்குச் சாயத்தில் கிடந்தது.

படம் வந்தது. எள் போட்டால் எள் விழ இடமில்லை, அத்தனை புள்ளிகள்.

பேராசிரியர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "எப்படிப்பா பிடிச்சே?"

"எல்லாம் அனுபவம்தான் சார்."

மறுநாள் மாநாட்டில் அந்தப் படம் திரை முழுக்க விரிந்தது. கைதட்டல் ஓய நேரமானது. கடைசி வரிசையில் இருந்த அவன், புது வீட்டுக்குச் சரி என்று சொல்லிவிடும்படி மனைவிக்குச் செய்தி அனுப்பினான்.

முன் வரிசையில் இருந்த வயதான டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"படம் ரொம்ப அழகா இருக்கு. ஆனா இது வைரஸ் இல்லைங்க. மூச்சுக்காத்து பட்டா ஈயச் சாயம் இப்படித்தான் புள்ளி புள்ளியா உறையும். இவ்வளவு விழணும்னா, யாரோ அதுமேல குனிஞ்சு ரொம்ப நேரம் பேசியிருக்கணும். யாருங்க அந்தப் புண்ணியவான்?"