ஆளுக்கொரு கதை

வாழ்க ஜெயவேல்! விம்கோ நகரின் வீறுகொண்ட வேங்கையே, துறைமுகத்துக் கன்டெய்னர்களைச் சங்கிலியால் பிணிக்கும் தடந்தோளனே, இரண்டாம் வகுப்பு மாயாவைப் பெற்றெடுத்த பெருந்தகையே, உன் போர்த்திறம் கேட்க எண்ணூர் நெடுஞ்சாலை லாரிகள் ஒரு கணம் ஹாரனை அடக்கட்டும்!

வியாழன் மாலை ஐந்து மணிக்கு, வகுப்பாசிரியை எல்சியின் திருவாக்கு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் வந்திறங்கியது: 'நாளை மாணவர்கள் ஆளுக்கொரு கதையுடன் வரவும்.' அந்த வாரம் முழுதும் மாயா பீமன் பாடத்தையே உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ஆதலின் நம் நாயகன் இமைப்பொழுதும் ஐயுறவில்லை. பொன்னிறக் கதாயுதம் ஒன்றின் படத்தைத் தேடியெடுத்துக் குழுவில் ஏற்றி, 'எல்லாரும் இந்தக் கதைதான் வாங்கணும்' என்று முரசறைந்தான்.

அவனைப் பழிப்பவர் சற்றுப் பொறுக்க. தண்டு, தடி என்று நமக்குச் சொந்தச் சொற்கள் இருக்கவே இருந்தன. ஆயினும் பீமன் தோளில் சுமந்தது வடக்கேயிருந்து 'கதை' என்ற பெயரோடு வந்து சேர்ந்தது. வாயால் சொல்லும் கதையும் அங்கிருந்தே வந்தது. வடமொழியில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து. தமிழுக்குக் குடிவந்தபின் இரண்டும் ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம். கதவைத் தட்டினால் எது வந்து திறக்குமென்று யாருக்குத் தெரியும்?

மேலும், போன மாதம் பள்ளியில் மஞ்சள் உடை நாள் என்பதை மறந்து மாயாவைப் பச்சைச் சட்டையில் அனுப்பியவன் இவனே. அன்று அவள் சோற்று டப்பாவைத் திறக்காமலே திரும்பி வந்தாள். இன்னொரு முறை அந்த முகத்தைப் பார்க்க, பாவம், இவனுக்குத் தெம்பில்லை.

எனவே புழுதி கொடிபிடிக்க, ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாய்த் தொற்றி, தேரடியில் சுகிர்தம் அம்மையாரின் ஃபேன்சி ஸ்டோரை முற்றுகையிட்டான் ஜெயவேல். ஐயகோ! அவன் ஏற்றிய படத்தைக் கண்டு முப்பது பெற்றோர் முன்னமே வந்து கடையைச் சூறையாடிப் போயிருந்தனர். ஆணியில் ஒன்றே ஒன்று தொங்கியது. அதன் பிடியை அவன் பற்றிய அக்கணமே அதன் குமிழைப் பற்றியது இன்னொரு கரம். தினமும் இருநூறு இடியாப்பம் பிழியும் அக்கரத்துக்கு உரியவர், மாயாவோடு படிக்கும் அமீரின் அன்னை பதுருன்னிசா.

"வுட்ருக்கா! எம்பொண்ணு காலீல எய்ந்ததும் கதை இன்னாச்சுன்னு கேக்கும்!" என்று முழங்கினான் ஜெயவேல்.

"இன்னா நைனா பேசிக்கினு கீற? நீ போட்ட போட்டோவப் பாத்துதான் நானே வந்துகீறேன்!" என்று இடித்துரைத்தார் பதுருன்னிசா.

இருவரும் இழுத்தனர். வளையல் தாங்கி சரிந்தது. பொட்டு அட்டைகள் மாரியெனப் பொழிந்தன. தென்பாண்டிச் சீமையிலிருந்து வந்து கடை விரித்த சுகிர்தம் இருகையும் தூக்கி, "ஏ, விடுங்கய்யா! அது வெறும் பிளாஸ்டிக்கு, பிய்ஞ்சிரும்!" என்று ஓலமிட்டார். பிய்ந்தே விட்டது. தண்டு அவன் கையில், குமிழ் அவர் கையில்.

அந்நேரம் இருவர் கைப்பேசிகளும் ஒருசேர ஒலித்தன. குழுவில் வந்த குரல்பதிவில் எல்சி டீச்சர் பதறினார்: "அய்யோ, நான் கேட்டது வாயால சொல்ற கதைங்க! தயவுசெஞ்சு யாரும் கட்டை கிட்டை வாங்கி அனுப்பாதீங்க!"

ஜெயவேலுக்கு வாயால் சொல்லும் கதை ஒன்றுகூடத் தெரியாது. மஞ்சள் உடை நாளே மீண்டும் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது போலிருந்தது. தண்டும் கையுமாய், தலைகுனிந்து, வீடு சேர்ந்த மாவீரன் மகளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னான்.

மறுநாள் மாயா அதையே வகுப்பில் சொல்லி ஒரு டிபன் பாக்ஸைப் பரிசாக வாங்கி வந்தாள்.