கதிரையைக் கண்டால் ஆகாத உலாத்தல் அக்கா

திருகோணமலையில் கதிரை செய்து விற்கிற அத்தனை பேரும் உலாத்தல் அக்காவை மட்டும் நம்பித் தொழில் செய்திருந்தால், இன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டு மீன் விற்கப் போயிருப்பார்கள். அந்த மனுசி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஒரே அறையில் வருடக்கணக்காய்க் குடியிருந்தவள் சொல்கிறேன், நம்புங்கள். ஆளில்லாத வெறும் பஸ்ஸில்கூடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஓட்டோவுக்குள் நிற்க முடியாது என்ற ஒரே காரணத்துக்காக ஓட்டோவில் ஏறவே மாட்டார்.

அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. வரவு எடுக்கும்போது விரிவுரையாளர் அதைக் கூப்பிட்டால் வகுப்பே யாரது என்று திரும்பிப் பார்க்கும். அக்காவும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பார்.

நாங்கள் கம்பஸில் கல்வியும் நடத்தை விஞ்ஞானமும் படித்தோம். உட்துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஒடுங்கிய ஒழுங்கையில் எங்கள் போடிங். அறையில் மூன்று கட்டில். ஒன்று என்னுடையது, மற்றது கிண்ணியா நஸ்ரினாவுடையது. மூன்றாவது கட்டில், படுக்கிற நேரம் தவிர, அக்காவின் புத்தகங்களுக்கு. யன்னலடியிலிருந்து அலுமாரி வரை, அலுமாரியிலிருந்து யன்னல் வரை, கையில் குறிப்புக் கொப்பியோடு மனுசி உலாத்துவார். இறப்பர் செருப்பு சரக் சரக் என்று தேயும். சோதனை நெருங்க நெருங்க நடையும் கூடும். நான் ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வேன்.

"அக்கா, உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும், ஒருக்காக் கதிரையில இருங்கோவன்!"

"நீ படி பிள்ளை. நான் உன்னை ஒண்டும் செய்யேல்லயே."

"சரக் சரக் எண்டு மண்டைக்குள்ள கேக்குது!"

"அது பழகிடும்" என்பார். சரக் சரக்.

சாப்பாடும் நின்றபடிதான். போடிங் அன்ரி குசினி வாசலில் நின்று புலம்புவார். "இதென்ன பிள்ளை கோலம்? இருந்து சாப்பிட்டால்தானே சோறு உடம்பில ஒட்டும்!" அக்கா சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு கிணற்றடிக்கும் குசினிக்கும் இடையில் நடந்தபடியே, "நிண்டா நேரா இறங்கும் அன்ரி, வளைவு ஒண்டுமில்லை" என்று பதில் சொல்வார்.

இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. வகுப்பில் படித்ததை எல்லாம் அன்றைக்கே யாரிலாவது செய்து பார்க்காவிட்டால் அக்காவுக்கு இருப்புக்கொள்ளாது. நல்ல காரியம் செய்தவருக்கு உடனே ஏதாவது நல்லது கிடைத்தால் அதையே திரும்பச் செய்வார் என்று ஒரு பாடம் நடந்தது. அடுத்த நாளே கைப்பை நிறையத் தோடம்பழ இனிப்பு வாங்கிவந்தார். அப்போது நாங்கள் குச்சவெளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வகுப்புப் பார்க்கப் போய்வந்துகொண்டிருந்தோம். அந்த பஸ் கொண்டக்டர், ஆள் இறங்க முதலே மணியடித்துவிடுகிற அவசரக்காரன். அவன் ஒழுங்காய் நிறுத்திய நாளெல்லாம் அக்கா ஒரு இனிப்பை அவன் கையில் வைத்துவிட்டுப் பேசாமல் இறங்கிப்போவார்.

பாடம் பலித்தது. கொஞ்ச நாளில் பஸ் எங்கள் ஒழுங்கை வாசலில் வந்து, ஹோன் அடித்து, அக்கா இறங்கி நாலடி நடக்கும்வரை பொறுத்து நின்றது. அக்காவுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொண்டக்டர் புதுச் சேட்டு போட்டுக்கொண்டு, தாயையும் கூட்டிக்கொண்டு, வாழைக்குலையோடு போடிங்குக்குப் பெண் பார்க்க வந்துவிட்டான்!

அன்ரி பதறிப்போய்க் கதிரைகளை இழுத்துப்போட்டார். எல்லாரும் இருந்தோம். அக்கா நின்றார்.

"இரும் பிள்ளை" என்றார் தாய்.

"பரவாயில்லை அம்மா."

"சும்மா வெக்கப்படாமல் இரும்."

"இல்லை அம்மா, நான் இருக்கிறேல்லை."

தாய் அக்காவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அன்ரியின் காதுக்குள் எல்லாருக்கும் கேட்கத்தக்கதாய்க் கேட்டார்: "பிள்ளைக்கு இடுப்பில ஏதும் வருத்தமோ?"

அந்தச் சம்பந்தம் அதோடு சரி, அக்கா இனிப்பையும் நிறுத்திவிட்டார். வாழைக்குலை மட்டும் எங்களுக்கு மிஞ்சியது. திங்கட்கிழமை பஸ் ஒழுங்கையைத் தாண்டிப் பறந்துபோய்ப் பெற்றோல் செற்றடியில்தான் நின்றது. அக்கா சளைக்கவில்லை. "இனிப்பு நிண்டா நடத்தையும் நிண்டுபோகும் எண்டு புத்தகத்திலயே கிடக்கு" என்று நடந்துவந்தார். பின்னால் வெயிலில் நடந்த நானும் நஸ்ரினாவும் அந்தப் புத்தகத்தை வாய்க்கு வந்தபடி திட்டினோம்.

நடத்தையியல் படிப்பித்த மேடத்துக்கும் அக்காவுக்கும் ஏழாம் பொருத்தம். மேடம் மடிப்புக் கலையாத சேலை, நேர்கோட்டில் கதிரைகள், வாயைத் திறந்தால் "இருங்கோ பிள்ளையள்". அக்கா பின்சுவரோடு உலாத்தியபடி கேள்வி கேட்பார். மேடத்தின் பார்வை அங்குமிங்கும் அலைந்து அலைந்து, கடைசியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைப் பொத்திக்கொள்வார்.

அந்த மேடம் ஒரேயொரு முறைதான் அக்காவைப் புகழ்ந்தார். வந்த வினையெல்லாம் அந்தப் புகழால் வந்ததுதான். மணியடித்துவிட்டுச் சாப்பாடு போட்டால், பிறகு மணிச்சத்தத்துக்கே நாய்க்கு வாயூறும் என்று ஒரு பாடம் இருக்கிறது. அதை ஏதாவது ஒரு உயிரில் செய்து பார்த்து ஒப்படை எழுதச் சொன்னார் மேடம். நாங்கள் மற்ற எல்லாரும் வீட்டுப் பூனையில் செய்ததாய் அறைக்குள் இருந்து கற்பனையில் எழுதிக் கொடுத்தோம். அக்கா மான்களைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் டவுன் மான்கள் காட்டைக் கண்டவை அல்ல. கடற்கரையில் படுத்தெழும்பி, கடைத்தெருவில் லொறியை மறித்து நின்று அசைபோட்டு, அசந்தால் சோற்றுப் பார்சலைப் பையோடு பறித்துக்கொண்டு போகிற சாதி. அக்கா பழைய இரும்புக் கடையில் ஒரு தண்டவாளத் துண்டு வாங்கினார். விடிந்ததும் கடற்கரையில் அதைக் கயிற்றில் தொங்கவிட்டு டாங் டாங் என்று அடிப்பார். உடனே மான்களுக்கு வாழைப்பழத்தோல் போடுவார். பழக்கடைகளில் அந்தத் தோலைச் சாக்கில் கட்டிச் சுமந்தது யார் என்று கேளுங்கள். நான்தான்! கையெல்லாம் வாழைக்கறை.

சில கிழமைகள் கழிந்தபின் டாங் என்ற சத்தம் கேட்டால் போதும், மான்கள் கோட்டைப் பக்கமிருந்தும் மீன்வாடிகளுக்குப் பின்னாலிருந்தும் தலைதெறிக்க ஓடிவந்து அக்காவைச் சுற்றி நின்றன. மேடம் தானே நேரில் வந்து, எட்ட நின்று பார்த்துவிட்டு, அந்த ஒப்படைக்கு வகுப்பிலேயே கூடின புள்ளி போட்டார். அக்கா அன்றைக்கு இரட்டை நடை நடந்தார்.

இனித்தான் விசயம். எங்கள் படிப்பில் கற்பித்தல் பயிற்சி என்று ஒன்று உண்டு. உண்மையான பள்ளிக்கூடத்தில், உண்மையான பிள்ளைகளுக்குப் படிப்பிக்க வேண்டும். மேடம் பின்னுக்கு இருந்து பார்த்துப் புள்ளி போடுவார். அதில் அக்கா முதல் தடவை தவறிவிட்டார். படிப்பித்துக்கொண்டே ஒரு வாசலால் வெளியே போய், விறாந்தையால் சுற்றி, மற்ற வாசலால் உள்ளே வந்திருக்கிறார். "பாடம் எங்க நடக்குது எண்டு நான் தேடவேண்டிக் கிடந்தது" என்று மேடம் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இன்னும் ஒரு தடவைதான் தருவார்கள். அதிலும் தவறினால் பட்டம் கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அக்கா சம்பூர்ப் பெண். "எங்கட பள்ளிக்கூடத்தில கணக்குக்கு ஆள் இல்லை. வாறவையும் மாத்தல் எடுத்துக்கொண்டு ஓடிடினம். நான் போகாட்டில் ஆர் பிள்ளை போறது?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்தது.

ஆகவே நானும் நஸ்ரினாவும் அக்காவை ஒரு இடத்தில் நிற்கப் பழக்கினோம். அறை நிலத்தில் வெண்கட்டியால் ஒரு பெட்டி கீறி அதற்குள் அவரை நிறுத்தினோம். அசையாமல் நின்றால் ஒரு தோடம்பழ இனிப்பு. அவர் பாடம் அவருக்கே திரும்பியது. மனுசிக்கு வியர்த்து ஊற்றியது, கால்பெருவிரல் தந்தியடித்தது.

"அக்கா, மூச்சாவது விடுங்க!" என்றாள் நஸ்ரினா.

"விட்டா நடந்திடுவன்" என்றார் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு.

அந்த நாள் வந்தது. கடற்கரையோரப் பள்ளிக்கூடம், ஆறாம் வகுப்பு, பாடம் பின்னங்கள், சேர்ந்தாற்போல் இரண்டு பாடவேளை. எனக்கும் அங்கேதான் பயிற்சி. அடுத்த வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு அரைச்சுவரால் எட்டிப் பார்த்தேன். அக்கா கரும்பலகைக்கு முன்னால் தானே கீறிய வெண்கட்டிப் பெட்டிக்குள் நட்டுவைத்த கம்பமாய் நின்றார். குரல் வானொலியில் மரண அறிவித்தல் வாசிப்பது போலிருந்தது. பிள்ளைகள் கன்னத்தில் கைவைத்து நித்திரையில் சொக்கிக்கொண்டிருந்தார்கள். மேடம் கொட்டாவியைக் கைலேஞ்சியால் மறைத்தார். கடவுளே, நின்றாலும் தவறப்போகிறாரே என்று நினைத்தேன்.

முதல் பாடவேளை முடிகிற அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. அந்தப் பள்ளிக்கூடத்தில் மின்சார மணி. கரண்ட் இல்லாவிட்டால் காவலாளி வேப்பமரத்தில் தொங்குகிற பழைய மணியை அடிப்பார். அந்தப் பழைய மணி என்னவென்று நாங்கள் ஒருவரும் அதுவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. அது ஒரு தண்டவாளத் துண்டு.

டாங்! டாங்!

அக்காவின் முகம் பேயறைந்தது போலானது. எனக்கு விளங்கியபோது கேற்றடியில் குளம்புச் சத்தம் கேட்டுவிட்டது. மான்கள் மைதானத்தைக் கடந்து நேரே வந்தன. ஒவ்வொரு வகுப்பாய் எட்டிப் பார்த்து, ஆறாம் வகுப்பில் தங்கள் ஆளைக் கண்டுபிடித்து, அரைச்சுவருக்கு மேலால் தலையை நீட்டி, எங்கே தோல் என்று பார்த்தன. கொம்பன் ஒன்று வாசலால் உள்ளே வந்து மேடத்தின் கைப்பைக்குள் மூக்கை விட்டது. உள்ளே வாழைப்பழம் இருந்திருக்கிறது. மேடம் "ஐயோ அம்மா!" என்று ஒரே தாவலில் கதிரைக்கு மேல் ஏறி நின்றார்.

வகுப்பு இரண்டுபட்டது. பிள்ளைகள் இருந்த வாங்குகளிலேயே ஏறிக் கத்தினார்கள். அக்கா மேடத்தைப் பார்த்தார், மான்களைப் பார்த்தார், காலடியிலிருந்த பெட்டியைப் பார்த்தார். பிறகு காலைத் தூக்கி வெளியே வைத்தார்.

"கத்தினது காணும்! எத்தினை மான்? எண்ணுங்கோ!"

"எட்டு ரீச்சர்!"

"கொம்பு உள்ளது?"

"ரெண்டு! நாலில ஒரு பங்கு!"

"ரீச்சர், கொம்பில்லாத ஒண்டு போயிற்றுது! இப்ப ஏழில ரெண்டு!"

"மேடத்தையும் சேத்து எண்ணுறதோ ரீச்சர்?"

"வேண்டாம், மேடம் கதிரையில நிக்கிறா."

அக்கா நடந்தார். வாங்குகளுக்கு நடுவால், மான்களுக்கு நடுவால், கையை வீசி வீசி நடந்தார். மான் வர வரப் பின்னம் மாறியது, பிள்ளைகள் சண்டைபிடித்துப் பிடித்துக் கணக்குச் சொன்னார்கள். காவலாளி தும்புத்தடியோடு வந்து மான்களைக் கலைக்கும்வரை மேடம் கதிரையை விட்டு இறங்கவில்லை.

பாடம் முடிந்து விறாந்தையில் மேடம் அக்காவைக் கூப்பிட்டார். "முடிஞ்சுது பிள்ளை" என்று என் கையைப் பிடித்தார் அக்கா. அவர் விடாததால் நானும் கூடப் போனேன்.

"இந்த மானுகளை இப்பிடிப் பழக்கினது நீர்தானே?" என்றார் மேடம்.

"ஓம் மேடம். உங்கட ஒப்படைக்கு."

மேடம் சேலை மடிப்பைச் சரிசெய்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையைச் சொல்லும். உமக்கு ஏன் ஒரு இடத்தில இருக்க ஏலாமக் கிடக்கு?" என்று கேட்டார்.

அத்தனை காலம் ஒரே அறையில் இருந்தும் நான் கேட்காத கேள்வி.

"சண்டைக்குள்ள சம்பூரில இருந்து வெளிக்கிட்டம் மேடம். நான் சின்னப்பிள்ளை. வெயிலுக்குள்ள நடை. கால் ஏலாமல் நான் வழியில குந்தப் பாத்தன். அப்பா இழுத்து எழுப்பி, 'இருந்திடாத மகள், இருந்தா எழும்ப ஏலாது' எண்டு சொன்னவர். பிறகு முகாம், பிறகு வேற முகாம். வீடு எண்டு ஒண்டுக்குப் போய்ச்சேர்ந்தாப் பிறகு இருப்பம் எண்டு..." அக்கா சிரிக்கப் பார்த்தார். "அப்பிடியே பழகிற்றுது மேடம்."

விறாந்தையில் நின்றபடியே அவர் கால் மெல்ல அசைந்துகொண்டிருந்தது. அந்தச் சரக் சரக்கைத்தான் நான் இத்தனை காலம் திட்டித் தீர்த்திருந்தேன்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் நடந்தே படிப்பியும். ஆனா வகுப்பை விட்டு வெளியில மட்டும் போகாதேயும்" என்றார். அக்கா பாஸ்.

இப்போது அக்கா சம்பூரில் கணக்கு ரீச்சர். சண்டையில் பறிபோய்த் திரும்பிக் கிடைத்த காணியில் வீடும் கட்டிவிட்டார். எனக்கு வந்த வினையைக் கேளுங்கள். என் வீடு அமைதியான வீடு, நல்ல மேசை, நல்ல கதிரை. ஒரு வரி எழுத வராது! பழகிடும் என்று மனுசி சொன்னது பலித்துவிட்டது. மான்களுக்கு டாங், எனக்குச் சரக் சரக். ஆகவே எழுத வேண்டியிருந்தால் பின்னேரத்தில் அக்காவுக்குப் போன் எடுத்து மேசையில் வைத்துவிடுவேன். அவர் முற்றத்தில் உலாத்தியபடி பிள்ளைகளின் குழப்படிகளைக் கதைப்பார். செருப்புச் சத்தம் கேட்கும், என் பேனா ஓடும்.

இதையும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். மான்கள் கேற்றுக்குள் நுழைகிற இடத்துக்கு வந்தபோது போனில் சத்தம் நின்றுபோனது. நான் பதறிவிட்டேன்.

"அக்கா? என்ன நடந்தது? ஏன் சத்தத்தைக் காணேல்ல?"

"ஒண்டுமில்லை பிள்ளை" என்றார், ஏதோ பிழை செய்து பிடிபட்டவர் போல. "கதைச்சுக்கொண்டே வாசல் கதிரையில இருந்திட்டன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இருங்கோ அக்கா, நல்லா இருங்கோ. நான் ஆறுதலா எழுதுறன்."