சீதா அத்தைக்கு, பாண்டா முகம் பற்றி

பிரிக்பீல்ட்ஸ்,
செவ்வாய்க்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய சீதா அத்தைக்கு,

உங்கள் அண்ணன் மகள் அம்மு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் நலம். அப்பாவின் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, அம்மாவின் முழங்கால் கட்டுக்குள் இல்லை, வைஃபை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே நீங்கள், வாசு மாமா, தனேஷ் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். சுகமாக இருந்துகொண்டேதான் பேசாமல் இருக்கிறீர்கள் என்றால், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் நடுவில் ஒரே ஒரு கொமுட்டர் ரயில்தானே, இதற்குப் போய்க் கடிதமா என்று கேட்பீர்கள். போன் செய்தால் "அடுப்புல வெச்சிருக்கேன் அம்மு" என்று வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் ஒரு கட்டைவிரல் வருகிறது. கட்டைவிரலோடு நான் எப்படி வாதாடுவது? குடும்பக் குரூப்பில் கேட்கலாம் என்றால் எல்லாரும் படிப்பார்கள். நாலு பேர் நடுவில் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே நேராகவே கேட்டுவிடுகிறேன். அத்தை, நீங்கள் ஏன் தனியாகப் போய்விட்டீர்கள்?

நான் சொல்வது அந்தப் பாண்டாவைத்தான். புனிதா அக்கா கல்யாணத்துக்கு முன்னால் தனேஷ் நம் இரண்டு வீட்டு டிவியிலும் தொடர் பார்க்கிற ஆப்பில் ஒரே கணக்கைப் போட்டு, 'ஃபேமிலி' என்று ஒரே ஒரு முகத்தை, அந்த மஞ்சள் நிறச் சிரிப்பு முகத்தை, வைத்துக் கொடுத்தான். அப்போது யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பிறகு கல்யாணம் நடந்தது. அப்பா எழுதிக் கொடுத்த வரிசைப்படி மேடையில் போட்டோவுக்கு ஆள் கூப்பிட்ட அறிவிப்பாளர், அப்பாவோடு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர்களாக இருந்தவர்களை ஒருவர் விடாமல் கூப்பிட்டு முடித்த பிறகுதான், "மணமகளின் அத்தை குடும்பம்" என்றார். அந்த நேரம் நீங்கள் பிரியாணித் தட்டோடு வரிசையில் நின்றீர்கள். மேடை ஏறாமல் தட்டை வைத்துவிட்டு வீட்டுக்குப் போனீர்கள். அப்புறம் ஆல்பம் வந்த அன்று எங்கள் ஹாலில் நடந்ததைத் திரும்ப எழுத எனக்கு மனம் இல்லை. ஆனாலும் எழுத வேண்டியிருக்கிறது. அப்பா "போட்டோதானே சீதா" என்றார். நீங்கள் "போட்டோ இல்லண்ணே, வரிசை" என்றீர்கள். அப்பா ஆல்பத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு, "அப்படின்னா இனிமே என் வீட்டு வரிசையில நீ நிக்கவே வேணாம்" என்றார். அம்மா அந்த ஆல்பத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அலமாரி உச்சியில் ஏற்றியதோடு சரி, இன்று வரை யாரும் இறக்கவில்லை. புனிதா அக்கா பாவம், சுபாங் ஜெயாவில், இரண்டு வீட்டுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் இருப்பதையே ஒரு வேலையாகச் செய்கிறாள்.

ஆனால் டிவியில் இருந்த அந்த மஞ்சள் முகத்தை மட்டும் யாரும் பிரிக்கவில்லை, கவனித்தீர்களா? தனேஷிடம் ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு நிமிட வேலை. யாரும் சொல்லவில்லை. தனி முகம் போட்டால் அது தனிக்குடித்தனம் போன மாதிரி ஆகிவிடும் என்று இரண்டு வீடும் பயந்தது. அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்தினார்கள், ஆனால் ஒரே முகத்தின் வழியாக ஒரே நாடகத்தைப் பார்த்தார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் 'தொடுகை' வந்தது. நீங்கள் பார்த்த தொடர்தான், ஆனால் எங்கள் ஹாலில் அதை எப்படிப் பார்த்தோம் என்பது உங்களுக்குத் தெரியாதே. அந்த நிரா கையுறையைக் கழற்றி ஒரு பொருளைத் தொட்டால், கடைசியாக அதில் கை வைத்துப் பேசியவரின் வார்த்தை அவளுக்குக் கேட்கும், அதை வைத்துக் குற்றவாளியைப் பிடிப்பாள் என்று தெரிந்ததுமே அப்பா சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பறக்கத் தெரியாது, அடிக்கத் தெரியாது, மழைக்கோட்ட மாட்டிக்கிட்டு ஊர்ல உள்ள சட்டி பானையெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாக்குறா. இவ சூப்பர் ஹீரோவா? பாத்திரக் கடைக்கு வந்த ஆன்டி லா!" என்றார். அம்மாவுக்கு வேறு கவலை. "ஒரு எபிசோட்லயாச்சும் அந்தப் பொண்ணு ஒக்காந்து சோறு தின்னுச்சா? காப்பியும் மழையுமா திரியுது. வயித்துல ஒண்ணும் இல்லன்னா காதுல கண்ட சத்தமும் கேக்கத்தான் செய்யும்." வாசு மாமா குரூப்பில் வாரம் தவறாமல் போடுகிற கருத்தும் உங்களுக்கு மனப்பாடம்: "வில்லன் நல்ல பையனா தெரியறான். நான் தூங்கிட்டேன், அவன் என்ன ஆனான்?"

நீங்களும் அப்பாவும் போட்டுக்கொண்டதுதான் உண்மையான விமர்சனம். பெயர் சொல்லாமல் எவ்வளவு அழகாகச் சண்டை போட்டீர்கள்! அப்பா எழுதினார்: "கடைசிப் பேச்சு மட்டும்தான் கேக்கும்னா, திருடன் போகும்போது அதே பொருள்ல கைய வெச்சி 'நல்லா இருங்க'ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா கேஸ் முடிஞ்சுது. கதை எழுதுனவனுக்கு இது தோணல." நீங்கள் வாய்ஸ் மெசேஜில் பதில் சொன்னீர்கள்: "சில பேர் அப்படிச் சொல்றாங்க. திரும்பி வந்து நல்ல வார்த்தை சொல்ற மனசு இருந்தா, அவன் எதுக்கு லா திருடப் போறான்?" அப்பா உடனே, "சில பேருக்கு எல்லாத்துக்கும் பதில் ரெடியா இருக்கும்" என்று அடித்தார். அடித்துவிட்டு உங்கள் குரலை இன்னொரு முறை போட்டுக் கேட்டார். நான் புத்தகத்தில் தலையைக் கவிழ்த்திருந்தேன், ஆனால் காது கவிழ்ந்திருக்கவில்லை.

என் கருத்தை நான் குரூப்பில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். எனக்கு அந்தத் தொடரில் பிடித்தது துப்பறிவது அல்ல. ஊரில் எல்லாருடைய கடைசி வார்த்தையும் அவளுக்குக் கேட்கிறது, ஆனால் அவளிடம் யாரும் வந்து முதல் வார்த்தை பேசுவதில்லை. ஒரு நாள் வேறு எதுவும் கேட்காதா என்று அவள் தன் போனையே தொட்டுப் பார்ப்பாள். அவள் குரலே திரும்பக் கேட்கும், "பரவால்ல, நானே பாத்துக்கறேன்" என்று. நூலகத்தில் வேலை செய்கிற என்னை மாதிரி ஆட்கள் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்போம். நீங்களும் அந்த இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தீர்கள் என்று தனேஷ் சொன்னான்.

இப்போது நான் கண்டுபிடித்த ரகசியத்துக்கு வருகிறேன். புது எபிசோட் வெள்ளிக்கிழமை வரும். நீங்கள் சனிக்கிழமை மதியம் சமையலை முடித்துவிட்டுப் பார்ப்பீர்கள். பார்த்தால் படத்தின் அடியில் ஒரு சிவப்புக் கோடு வரும், முழுதும் பார்த்துவிட்டால் கோடு முழுதும் நிறையும். அப்பா வெள்ளிக்கிழமை தொடவே மாட்டார். கோப்பிக் கடையில் அவர் நண்பர்கள் கதையைச் சொல்ல வந்தால் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து வந்துவிடுவார். அம்மா "போடுங்களேன்" என்றால் "வைஃபை சரியில்ல" என்பார். சனிக்கிழமை சாயங்காலம் டிவியைப் போட்டு, கோடு நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். நிறைந்திருந்தால், "ம், கிள்ளான்ல பாத்தாச்சு" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து போடுவார். அத்தை, உங்களுக்கு முன்னால் அவர் ஒரு எபிசோட் கூடப் பார்த்ததில்லை. மேடையில் உங்களைக் கடைசியில் கூப்பிட வைத்த மனுஷன், டிவியில் வாரா வாரம் உங்களை முதலில் போக விட்டுவிட்டுப் பின்னால் நின்றார். இதை அவர் வாயால் சொல்லமாட்டார். அதனால் நான் சொல்கிறேன்.

அப்படிப்பட்ட வீட்டில் போன வாரம் ஒரு நாள் டிவியைத் திறந்தால், மஞ்சள் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு பாண்டா. கீழே 'Seetha' என்று பெயர். அம்மா கரண்டியோடு ஓடி வந்தார். "ஐயோ, ஒங்கத்தை தனியா போயிட்டாங்கடி!" நான் "மெதுவாம்மா" என்பதற்குள் அப்பா வந்து உட்கார்ந்தார். பாண்டாவைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "பாத்தீங்களா?" என்றார். அம்மா "தோசை ஊத்தவா?" என்றார். அன்றைக்கு அப்பா வழக்கமாகக் கேட்கும் மறு தோசையைக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்து நான் வந்ததும், "அந்தப் பாண்டா ஏதாச்சும் சொல்லுச்சா?" என்று கேட்கிறார். எவ்வளவு கசப்பு இருந்தால் ஒரு மனிதர் அப்படிக் கிண்டலாகக் கேட்பார், நீங்களே சொல்லுங்கள். நீங்களோ அன்றிலிருந்து குரூப்பிலும் வாய் திறக்கவில்லை. சனிக்கிழமையும் போனது, புது எபிசோடில் சிவப்புக் கோடு ஒரு நூல் கூட நகரவில்லை. நீங்கள் பாண்டாவுக்குள் போய்த் தனியாகப் பார்த்து முடித்துவிட்டீர்கள் போல. அப்பா அதைத் தொடாமல் செய்தியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். செய்தியையும் பார்க்கவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை கடைசி எபிசோட். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன் அத்தை. கோபம் இருக்கட்டும், அதை யாரும் பிடுங்கவில்லை. ஆனால் அந்தப் பாண்டாவை அழித்துவிட்டுப் பழையபடி மஞ்சள் முகத்துக்கே திரும்பி வாருங்கள். முடிந்தால் டிவி வழியாக இல்லாமல் ரயில் வழியாகவே வாருங்கள். நான் ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். அப்பா உங்களைப் பார்த்து ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து நிராவைத் திட்டினால் எனக்கு அது போதும். உங்களுக்கு அண்ணன் என்பதால் நீங்கள் விட்டுவிடலாம். எனக்கு அப்பா. அவர் பாண்டாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

பெரியவர்களிடம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வாசு மாமாவுக்கு என் வணக்கமும், வில்லன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான் என்ற செய்தியும். தனேஷுக்கு என் அன்பு. உங்கள் ஆசி எப்போதும்போல் என் தலைமேல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அம்மு
(அமுதவள்ளி கமலநாதன்)

பின்குறிப்பு: அத்தை, மேலே எழுதியதில் பாதியை மறந்துவிடுங்கள். உறையில் போடுவதற்கு முன் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். பேப்பருக்குப் பின்னால் இருந்து அப்பாவின் குரல் வந்தது: "யாரு தனியா போனா? நான்தானே அவளச் சேத்தேன்!" பாண்டாவைப் போட்டது அப்பா. அம்மா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தபோது, மஞ்சள் முகத்துக்குப் பக்கத்தில் இருந்த கூட்டல் குறியைத் தட்டி, ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தியிருக்கிறார். "போன்ல குரூப்ல ஆள் சேக்கறதும் அதே கூட்டல் குறிதானே? குரூப்ல கூப்பிட்டா நாலு பேரு பாப்பாங்க. இதுல பேரைப் போட்டு நம்ம வீட்டு வரிசையில சேத்துட்டா அவளுக்கு மெசேஜ் போகும், பதில் போடுவான்னு நெனச்சேன். ஒண்ணும் வரல" என்றார். அப்புறம் குரலை இறக்கி என்னிடம் கேட்டார்: "பாண்டா மறுபடியும் கடைசியில போய் நின்னுச்சில்ல, அதுக்குத்தான் கோவமா இருக்காளா? முன்னாடி வைக்க முடியாதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பாண்டா உங்கள் டிவியிலும் வந்திருக்கும். அண்ணன் நம்மைத் தனியாகப் பிரித்துவிட்டார் என்று நினைத்துத்தான் நீங்கள் டிவியையே தொடாமல் இருக்கிறீர்களா, அத்தை?

கடிதத்தைத் திருத்தி எழுதுகிறேன் என்றேன். அப்பா விடவில்லை. "அப்படியே அனுப்பு. நான் பின்னால நின்னேன்னு எழுதியிருக்கல்ல, அது இருக்கட்டும்" என்றார். அதோடு நிற்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி ஆல்பத்தை இறக்கினார். பிளாஸ்டிக்கைப் பிரித்து, தூசியைத் தட்டி, மேலே கையை வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, உரக்கச் சொன்னார்: "சீதா, தட்டோட வந்தாலும் சரி, எம்பக்கத்துல வந்து நில்லு."

ஆல்பம் இப்போது சாப்பாட்டு மேசை நடுவில் இருக்கிறது. நீங்கள் வந்து தொடுகிற வரைக்கும் அதில் கை வைத்துக்கொண்டு யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. வெங்காயம் நறுக்க இடமில்லாமல் அம்மா அதை ஒரு கையால் மெல்ல நகர்த்திவிட்டு, இன்னொரு கையால் சைகையிலேயே அப்பாவைத் திட்டிக்கொண்டிருக்கிறார். சீக்கிரம் வாருங்கள்.