நீர் பார்த்தீர், நானும் பார்த்தேன்

ஆரணியில் எந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பது இரண்டு பேருக்குத்தான் முழுமையாகத் தெரியும். ஒருவர் பரலோகத்தில் இருக்கிறார். மற்றவர் எங்கள் சபையில் பெண்கள் பக்கம், முதல் வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருகிறார். முதலாமவருக்கு ஏதாவது விட்டுப் போயிருந்தால், ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை மணிக்கு இரண்டாமவர் அவருக்கு நினைவுபடுத்திவிடுவார்.

அவருக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். எங்களுக்கு அவர் குறிப்பக்கா. யாருக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு வேலை இல்லை, யாருக்காக எல்லாரும் ஜெபிக்க வேண்டும் என்று சொல்வதற்கு ஜெபக்குறிப்பு என்று பெயர். அந்தப் பகுதியை நடத்தும் ஊழியத்தை எங்கள் பாஸ்டர் இவரிடம் ஒப்படைத்திருந்தார். பத்து நிமிடம் என்று சொல்லித்தான் கொடுத்தார். பத்து நிமிடம் என்பது பாஸ்டருடைய விசுவாசம்.

தொழில், குஞ்சம் கட்டுவது. பட்டுப்புடவையின் முந்தானை ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைப் பிரித்து, முறுக்கி, முடிச்சுப் போட்டு அழகாக்கும் வேலை. ஆறு பெண்களை வைத்து வீட்டின் முன்னறையில் நடத்துகிறார். ஊரில் உள்ள கல்யாணப் புடவைகளில் பாதி அவர் மடியில் கிடந்துவிட்டுத்தான் மணமேடைக்குப் போகும். எந்தக் கல்யாணம் தள்ளிப் போகிறது, எந்த மாமியார் புடவையின் நிறத்தை மாற்றச் சொன்னார், எல்லாம் புடவையோடு சேர்ந்து வந்துவிடும். புடவை திரும்பிப் போகும். விஷயம் தங்கிவிடும்.

அவர் ஜெபிக்கும் அழகைச் சொல்ல வேண்டும். ஒரு கண்ணை மூடுவார். மற்றதைப் பாதி திறந்து வைத்துக்கொள்வார், விவரங்களைச் சரிபார்க்க.

"ஆண்டவரே, கோகிலா சிஸ்டருக்கு மருமக மேல இருக்கிற கசப்பை எடுத்துப் போடும். போன திங்கக்கிழமை ரசத்துல உப்பு கம்மின்னு அந்தப் பொண்ணை வாசல்ல நிக்க வெச்சுப் பேசிகினு இருந்தாங்களே, அதை நீர் பார்த்தீர், நானும் பார்த்தேன்."

சபை முழுவதும் "ஆமென்" என்று சொல்லும். கோகிலா சிஸ்டரும் சொல்லித்தான் ஆக வேண்டும். வேறு என்ன செய்வார்?

பாஸ்டரும் தப்பவில்லை. "எங்க போதகருக்குப் புது வெளிச்சத்தைத் தாரும். போன வாரம் சொன்ன கப்பல் கதையை அவர் போன்ல பாத்துட்டு வந்துதான் சொன்னார். அதே கதையை எம் பொண்ணு எனக்குக் காமிச்சிது. நீர் கேட்டீர், நானும் கேட்டேன்." அடுத்த ஞாயிறு பாஸ்டர் சொந்தமாகப் பிரசங்கம் செய்தார். எங்களுக்குக் கப்பலே மேல் என்று தோன்றியது.

ஒருமுறை ஒருவர் பொறுக்க முடியாமல் வாசலில் செருப்பு மாட்டும்போது சண்டைக்குப் போனார்.

"ஏன்க்கா, எங்க வீட்டு விஷயத்தை இப்படி நாலு பேர் முன்னாடி சொல்றீங்க?"

"நான் உங்கிட்ட சொன்னனா? ஆண்டவர்கிட்ட தான சொன்னேன். நீ இன்னாத்துக்கு ஒட்டுக் கேட்ட?"

வேதம் படித்த யாராலும் இன்றுவரை இதற்குப் பதில் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் சபையில் ஆவிக்குரிய வளர்ச்சி மளமளவென்று இருந்தது. பிரசங்கத்தால் திருந்தாதவர்கள் குறிப்பால் திருந்தினார்கள். நரகத்துக்குப் பயப்படாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குப் பயந்தார்கள். கூடவே சில சௌகரியங்களும் நடந்தன. "ஆண்டவரே, இந்திரா சிஸ்டர் வீட்டு மோட்டார் ஓட மாட்டேங்குது. எலக்ட்ரீஷியன் பிரதரை ஏவும். அவர் மூணாவது வரிசையில தூணுக்குப் பக்கத்துல உக்காந்துகினு இருக்கார்." அன்று மாலைக்குள் மோட்டார் ஓடும். அற்புதம் என்று சாட்சியும் சொல்வார்கள்.

நான் ஆண்கள் பக்கம் கடைசி வரிசை. பத்தாவது வரை படித்தவன், வாய் திறக்கக் கூச்சப்படுபவன். இருபத்திரண்டு வருடம் ஒரு பட்டுக்கடையின் பின்கட்டில் புடவை மடித்தேன். புடவை பதில் பேசாது என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. குறிப்பக்காவின் வாயில் ஒருமுறைகூட விழாதவன் என்ற பெருமை எனக்கு உண்டு. என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான் காரணம் என்றாலும், பெருமை பெருமைதான்.

அந்தப் பெருமைக்கும் ஒரு நாள் வந்தது. முதலாளியின் மகன் கடையை எடுத்துக்கொண்டு, இனிமேல் புடவையை வீடியோவில் காட்டித்தான் விற்க வேண்டும் என்றான். ஆளுக்கு ஒரு முறை போன் முன்னால் நின்று பேச வேண்டும். என் முறை வந்தது. தோளில் மாம்பழ நிறப் புடவை ஒன்றைப் போட்டு நிறுத்தினார்கள். ஊரே பார்க்கிறது என்றார்கள். எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வெகுநேரம் கழித்து, "இது... புடவை" என்றேன்.

தகவல் சரிதான். ஆனால் அந்த மாதத்தோடு என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்ல முடியாத நேரம். என் பெரிய பெண்ணை வெம்பாக்கத்திலிருந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த மாதம் நிச்சயம். அவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்லப்பட்ட ஒரே தகுதி, "அப்பா பட்டுக்கடையில இருபத்திரண்டு வருஷமா இருக்கார்" என்பது. அது போனால் நான் வெறும் அப்பா. எனவே தினமும் காலையில் மனைவி தரும் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு கிளம்பி, கோட்டை மைதானத்தில் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் வேலை பார்த்த களைப்போடு வீடு திரும்பினேன். சும்மா உட்காருவது புடவை மடிப்பதைவிடக் களைப்பான வேலை.

பாஸ்டர் அந்த மாதம் பார்த்து "உன் வாழ்க்கையின் நோக்கம் என்ன?" என்ற தலைப்பில் தொடர் பிரசங்கம் ஆரம்பித்தார். எனக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. மரத்தடியில் தினமும் யோசித்தேன். ஒரு மணிக்குள் எலுமிச்சை சாதத்தை முடிக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நோக்கம் எதுவும் தென்படவில்லை.

நாலாம் நாள் காலை பதினோரு மணி. மரத்துக்குப் பின்பக்கம் காகிதம் பிரிக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். குறிப்பக்கா! சர்க்கரை வியாதிக்காக டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அந்த உழைப்பை ஈடுகட்ட ஜாங்கிரி தின்றுகொண்டிருந்தார்.

நான் ஜாங்கிரியைப் பார்த்தேன். அவர் என் மடியில் இருந்த டிபன் பாக்ஸைப் பார்த்தார். பிறகு என் முகத்தை, பிறகு தன் கையில் கட்டியிருந்த கடிகாரத்தை.

"ஸ்தோத்திரம் பிரதர்."

"ஸ்தோத்திரம்க்கா."

"கடை லீவா?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர் மிச்ச ஜாங்கிரியை வாயில் போட்டுக்கொண்டு, கையை மரத்தில் துடைத்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்த ஞாயிறு முன்னால் இருந்தவரின் முதுகுக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்தேன். என் மனைவி அக்காவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவாள். சபையில் சொன்ன சொல் வெம்பாக்கம் போய்ச் சேர ஒரு பஸ் போதும். பத்தாவது குறிப்பில் அக்கா, "ஆண்டவரே, இங்க ஒரு பிரதர்..." என்று நிறுத்தினார். பாதிக் கண் கடைசி வரிசை வரை வந்தது. என் பெண்ணின் கல்யாணம் அந்த இடைவெளியில் நின்றது. "...ரொம்ப நாளா முட்டி வலியில கஷ்டப்பட்டுகினு இருக்கார்" என்று முடித்தார். முட்டி வேறு யாருடையதோ. நன்றாயிருக்கட்டும்.

அதற்கடுத்த ஞாயிறு தலைவலி என்று படுத்துப் பார்த்தேன். மனைவி தைலத்தைத் தடவி, ஜல்தியாகக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு போனாள். அன்றைக்கு நான் ஜெபித்தேன். முப்பது வருடமாகச் சபைக்குப் போகிறேன். கண்ணை மூடினால் எனக்குச் சாப்பாட்டு ஞாபகம்தான் வரும். அன்றுதான் முதல்முறையாக உள்ளத்தின் ஆழத்திலிருந்து கேட்டேன்: "ஆண்டவரே, அந்தம்மா வாயைக் கட்டும்." பாஸ்டர் சொல்லும் ஆவிக்குரிய வளர்ச்சி என்னிடம் அப்படித்தான் தொடங்கியது.

மூன்றாவது ஞாயிறு குறிப்பக்கா வழக்கம்போல ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முடிக்கும் நேரத்தில் குரல் மாறியது.

"ஆண்டவரே, இத்தினி நாளா அடுத்தவங்களுக்காகத்தான் கேட்டேன். இன்னிக்கு எனக்காகக் கேக்கறேன். குஞ்சம் கட்டற இடத்துல பொண்ணுங்க கட்டிடுதுங்க. ஆனா புடவையைக் கசங்காம மடிக்க, கடைகளுக்கு எடுத்துகினு போக ஒரு ஆள் இல்லாம பேஜாரா இருக்குது. பட்டு தெரிஞ்ச ஆளா தாரும். வாய் பேசாத ஆளா தாரும், ஏன்னா நானே போதும். அந்த ஆள் இங்கியே எங்கியோ கண்ணை இறுக்க மூடிகினு உக்காந்துகினு இருக்கான்னு விசுவாசிக்கிறேன்."

நான் கண்ணை இன்னும் இறுக்க மூடினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியின் பின்னால் இருந்து மனைவி ஆரம்பித்தாள்.

"ஏங்க, அக்கா ஜெபத்தைக் கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"நீங்க ஏன் போகக் கூடாது? அந்தக் கடையில நாள் பூரா நின்னுகினு இருக்கீங்க. குதிகால் வலிக்குதுன்னு சொல்லிகினே இருக்கீங்க. அங்க உக்காந்துகினே மடிக்கலாம்."

"இருபத்திரண்டு வருஷ வேலையைத் திடீர்னு எப்படி விடறது?" என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டே இவ்வளவு நன்றாக நடிப்பேன் என்று எனக்கே தெரியாது.

"ஆண்டவரே வழி காமிக்கிறார், நீங்க இன்னா யோசிக்கிறீங்க? நாளைக்கே போய் விட்டுட்டேன்னு சொல்லிட்டு வாங்க."

இவ்வாறாக, ஏற்கெனவே போய்விட்ட வேலையை மனைவியின் வற்புறுத்தலால் நான் ராஜினாமா செய்தேன்.

திங்கட்கிழமை குறிப்பக்கா வீட்டு முன்னறையில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா பிரதரு? ஜெபத்தைக் கேட்டுட்டார் பாத்தியா?"

"இதை என்கிட்டயே நேரா சொல்லியிருக்கலாமேக்கா. மூணு வாரமா எனக்குச் சோறு எறங்கல."

"உங்கிட்ட சொன்னா நீ வெக்கப்பட்டுகினு வரமாட்ட. ஆண்டவர்கிட்ட சொன்னா உன் பொண்டாட்டியே அனுப்பி வெச்சிடுவா."

"என் விஷயத்தை... யார்கிட்டயும்..."

"நான் யார்கிட்ட பிரதரு இதுவரைக்கும் சொல்லியிருக்கேன், அவரைத் தவிர?" என்று மேலே கையைக் காட்டினார். "அந்தச் சேப்புப் புடவையை எடுத்து மடி."

நிச்சயமும் நடந்தது, கல்யாணமும் நடந்தது. மறுநாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியும்" என்றாள். "டிபன் பாக்ஸ்ல தினமும் வேப்பம்பூ ஒட்டிகினு வந்துது. பட்டுக்கடைக்குள்ள ஏதுங்க வேப்பமரம்?" எங்கள் ஊரில் ரகசியம் வைத்திருப்பதாக நினைப்பவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

இப்போது சமீபத்து விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம், ஆரணி வெயிலில் தார் இளகிக்கொண்டிருக்கும்போது, குறிப்பக்கா காலில் சாக்ஸ் போட ஆரம்பித்தார். கேட்டால் குளிர்கிறது என்றார். தினமும் பக்கத்தில் உட்காருபவனுக்குத் தெரியாதா? ஒரு நாள் சாக்ஸின் நுனி ஈரமாக இருந்தது. பெருவிரலில் புண். சர்க்கரைக்காரர்களுக்குக் காலில் புண் வந்தால் அது எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா."

"போலாம், போலாம். முகூர்த்தப் புடவை முடியட்டும்."

"உங்க பொண்ணுகிட்டயாவது சொல்லுங்க."

"அதுகிட்ட சொன்னா காலை வெட்டிடுவாங்கன்னு இப்பவே அழும். நீ வாயை வெச்சிகினு சும்மா இரு பிரதரு. அதுக்குத்தான உன்னைக் கேட்டு வாங்கினேன்."

மூன்று வாரம் சும்மா இருந்தேன். முகூர்த்தப் புடவை முடிந்து அடுத்த முகூர்த்தப் புடவை வந்தது. புண் மட்டும் முடியவில்லை.

அந்த ஞாயிறு அக்கா தன் குறிப்புகளை முடித்து "ஆமென்" என்றதும் நான் எழுந்து நின்றேன். கடைசி வரிசையில் ஒருவன் எழுந்தால் வாந்தி வருகிறது என்றுதான் நினைப்பார்கள். பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து வழிவிட்டார். நான் போகவில்லை. எல்லாரும் திரும்பினார்கள். நாக்கு பழைய இடத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இது புடவை என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"ஆண்டவரே" என்றேன். அதற்கே மூச்சு வாங்கியது. "எங்க அக்கா... கால் பெருவிரல்ல புண்ணு. மூணு வாரத்துக்கு மேல ஆவுது. சாக்ஸுக்குள்ள மறைச்சி வெச்சிருக்காங்க. இனிப்பு கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஆனா மைதானத்துல, வேப்பமரத்துக்குப் பின்னாடி, ஜாங்கிரி... அதை நீர் பார்த்தீர். நானும் பார்த்தேன்."

முதல் வரிசையில் குறிப்பக்காவின் இரண்டு கண்களும் முழுதாகத் திறந்திருந்தன. அவருக்குப் பக்கத்தில் அவர் மகள் குனிந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது பிடித்துக்கொண்டார்.

"ஏன் பிரதரு, வாய் பேசாதவன்னு நம்பித்தான உன்னை வெச்சேன்? இப்படி நாலு பேர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியே!"

"உங்ககிட்ட சொன்னனாக்கா? ஆண்டவர்கிட்ட தான சொன்னேன்."

அவர் வாயடைத்து நின்றதை ஆரணி அன்றுதான் பார்த்தது. மறுநாள் காலை மகள் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் விரல் போயிருக்கும் என்றாராம் டாக்டர். இரண்டு ஞாயிறு மின்விசிறிக்குக் கீழே இடம் காலியாக இருந்தது. அந்த இரண்டு வாரமும் ஜெபம் சரியாகப் பத்து நிமிடத்தில் முடிந்தது. யாருக்கும் அது பிடிக்கவில்லை. கோகிலா சிஸ்டர்கூட, "இன்னாமோ சப்புனு இருக்குது" என்றார்.

விரல் பிழைத்துவிட்டது. அக்காவும் பழைய இடத்துக்கு வந்துவிட்டார், பழைய குரலோடு. நான் இப்போது ஒரு கண்ணைப் பாதி திறந்து வைத்துக்கொண்டுதான் ஜெபிக்கிறேன். மின்விசிறிக்குக் கீழே அவர் உட்கார்ந்துவிட்டாரா என்று பார்த்த பிறகே அதை மூடுகிறேன்.