கப்பல் சுட்ட பிட்சாவும் மைதா மடையும்

கல்லணை கட்டிய ராஜாவுக்குப் பிறகு காவிரித் தண்ணீரைத் தடுத்து நிறுத்தப் புது வழி கண்டுபிடித்தவர் ஒருவர் உண்டென்றால் அது கப்பல்தான். ராஜா கல்லைப் போட்டு அடைத்தார். கப்பல் மைதாவைப் போட்டு அடைத்தார். சரித்திரம் எழுதுகிறவர்கள் கல்லணையோடு எழுந்து போய்விட்டதால் மிச்சத்தை நான் எழுத வேண்டியிருக்கிறது.

கப்பல் என்பது ஊர் வைத்த பெயர். நாகப்பட்டினத்துப் பக்கத்து ஆள். சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக உலகத்தைச் சுற்றிவிட்டு, தலை நரைத்த பிறகு காவிரிப் பாசனக் கிராமம் ஒன்றில் கொஞ்சம் வயலும் வாய்க்கால் ஓரமாக ஒரு வீடும் வாங்கிக்கொண்டு கரையேறியவர். நான் அப்போது அந்த ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அவர் வீட்டு மாடி அறையில்தான் குடியிருந்தேன். வாடகை மிகக் குறைவு. ஏன் குறைவு என்பது குடி போன பிறகுதான் தெரிந்தது. அவர் சமைப்பதை எல்லாம் முதலில் நான் சாப்பிட்டு, உயிரோடு இருந்து காட்ட வேண்டும்.

ரசத்தில் சேமியாவைப் போட்டு இத்தாலிக்காரன் ரசம் என்பார். பொங்கலன்று பொங்கலை உருண்டை பிடித்து எண்ணெயில் பொரித்து, சிசிலியில் இதுதான் பொங்கல் என்று அடித்துச் சொன்னார். சிசிலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து மறுக்க எனக்கு வசதி இல்லை. இடது, வலது என்ற சொற்கள் அவர் வாயில் வராது. ஏர் மாட்டை வலப்பக்கம் திருப்பக்கூடக் கப்பல் பாஷையில் 'ஸ்டார்போர்டு' என்றுதான் சொல்வார். மாடு திரும்பும். உழுகிற ஆள்தான் முழிப்பார்.

இப்படிப்பட்டவர் முதன்முதலாக ஒரு குறுவை வைத்தார். ஊரே சிரித்தது. ஆனால் நெல் சிரிப்பைப் பார்த்தா விளைகிறது? புரட்டாசிக் கடைசியில் அவர் வயல் பொன்னாக நின்றது. அவர் தினமும் காலையில் வரப்பில் நின்று அதற்கு சல்யூட் வைத்தார். நான் கேலி செய்தேன். "தம்பி, கடல்ல நாப்பது வருஷம் அடுத்தவன் அரிசியத்தான் பொங்கினேன். இது என் அரிசி" என்றார். அதன் பிறகு நான் கேலி செய்யவில்லை. இரண்டு நாளாவது செய்யவில்லை.

சிக்கல் எங்கே என்றால், அவர் வயலிலிருந்து கதிர்க்கட்டைக் களத்துக்குத் தூக்கிப் போக முன்னால் உள்ள வயலைத் தாண்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் வயலுக்குத் தனிப் பாதை கிடையாது; வாய்க்கால் கரையோ கதிர்க்கட்டோடு நடக்க முடியாத குறுகல். முன்வயல் அறுத்தால்தான் பின்வயல் அறுக்கலாம். முன்வயலோ வழக்கில் இருந்தது.

நிலத்துக்குச் சொந்தக்காரர் பண்ணை வீட்டு சிங்காரம். குத்தகைக்கு உழுதவர் கலியபெருமாள். குத்தகைக்காரரை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்று சட்டம் வந்திருந்த காலம். அவன் குத்தகைக்காரனே இல்லை என்றார் சிங்காரம். எங்க அப்பா காலத்திலிருந்து உழுகிறோம் என்றார் கலியபெருமாள். ஒரு காலத்தில் இருவரும் ஒரே கட்சியில் இருந்தவர்கள், ஒரே வாளியில் பசை காய்ச்சிச் சுவரொட்டி ஒட்டியவர்கள். கட்சி இரண்டானபோது ஆளுக்கொரு பக்கம் போனார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் ஒருவர் மீசை நிமிரும், மற்றவர் மீசை தொங்கும். முன்வயல் நெல்லை அவர் அறுக்கப் போனால் இவர் ஆட்கள் தடுப்பார்கள், இவர் போனால் அவர் ஆட்கள். தாசில்தார் ஆபீஸில் சமாதானக் கூட்டம் போட்டார்கள். ஒரே கெட்டிலில் இருந்து ஊற்றிய டீயைக் குடிக்க மாட்டோம் என்று இருவரும் எழுந்து போனதோடு கூட்டம் முடிந்தது. பேச்சு நின்று மாதக்கணக்காகிவிட்டது.

நெல் முற்றி உதிர ஆரம்பித்தது. ஐப்பசி பிறந்தால் அடைமழை. மழையில் சாய்ந்த நெல் வயலிலேயே முளைத்துவிடும். கப்பல் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் அறைக் கதவைத் தட்டி, ரெண்டு பேரையும் ராச்சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போவதாகவும், பிட்சா போடப் போவதாகவும் சொன்னார். பிட்சா என்றால் என்ன என்று கேட்டேன்.

"ஊத்தப்பம் படிச்சு பட்டம் வாங்கினா அதான் பிட்சா. தம்பி, வயித்துக்குள்ள ஒண்ணா எறங்கிட்டாத்தான் வயலுக்குள்ள ஒண்ணா எறங்குவானுங்க."

அழைத்த விதம் அதைவிட அழகு. சிங்காரத்திடம் போய், நீங்க வரப் பயப்படுவீங்கன்னு கலியபெருமாள் சொல்றாரே என்றார். கலியபெருமாளிடம் போய் அதையே திருப்பிச் சொன்னார். இருவரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்து அடுப்பு. பிட்சாவுக்கு நாலு பக்கமும் சூடு வேண்டுமாம். கொல்லையில் களிமண்ணால் குடிசை மாதிரி ஓர் அடுப்புக் கட்டினார். மண் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எருமைப் பாலைத் திரிய வைத்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அதுதான் சீஸ் என்றார். ஈஸ்ட் பன் கடையிலிருந்து வந்தது. மைதா ஒரு முழு மூட்டை வந்து இறங்கியது. கப்பலுக்கே சமைத்த கை, அவருக்கு மூட்டைக்குக் கீழே வாங்கத் தெரியாது. புரட்டாசி என்பதால் நெத்திலிக் கருவாடு கிடையாது. நெத்திலி இல்லாத பிட்சா கடல் இல்லாத நாகப்பட்டினம் என்று ஒரு மணி நேரம் புலம்பினார்.

இதில் இன்னொரு நுணுக்கம் இருந்தது. சிங்காரத்துக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பு ஆகாது. கலியபெருமாளுக்குக் குடல்புண், காரம் ஆகாது. ஆகவே ஒரே பிட்சாவில் பாதி காரம், பாதி இனிப்பு. ஒரு பக்கம் தக்காளித் தொக்கு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். மறு பக்கம் வாழைப்பழம், முந்திரி, பேராவூரணித் தேங்காய்த் துருவல், மேலே கெட்டியான வெல்லப்பாகு. ஒன்றோடொன்று கலக்காமலிருக்க நடுவே மாவாலேயே நேராக ஒரு வரப்பு கட்டினார். பார்க்க நஞ்சை நிலம் போலவே இருந்தது.

சாயங்காலம் இருவரும் வந்தார்கள். நேரத்துக்கு முன்பே வந்து, கொல்லையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். மைதா மூட்டையைப் பார்த்ததும் இருவர் முகமும் ஒரேயடியாக மாறியது. அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் மூட்டை மைதா இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சுவரொட்டிப் பசை. சிங்காரம் என்னைத் தனியே கூப்பிட்டு, கப்பல் எந்தக் கட்சியில் நிற்கிறார் என்று விசாரித்தார். கொஞ்ச நேரத்தில் கலியபெருமாளும் அதையே விசாரித்தார். சாப்பிடத்தான் என்று சொன்னேன். இருவருமே நம்பவில்லை.

தட்டு அடுப்புக்குள் போயிற்று. நாங்கள் நால்வரும் அடுப்பு வாயில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சூட்டில் வெல்லப்பாகு இளகித் ததும்பியது. மாவு வரப்பு ஒரு இடத்தில் நெகிழ்ந்தது. பாகு காரப் பக்கம் பாய ஆரம்பித்தது.

"உடைப்பு" என்று கத்தினார் கலியபெருமாள்.

எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் பகையாளியும் மண்வெட்டி எடுப்பான். யார் வயல், யார் வரப்பு என்றெல்லாம் அடைத்த பிறகுதான் கேட்பார்கள். சிங்காரம் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியாலேயே தட்டை வெளியே இழுத்தார். கலியபெருமாள் மிச்ச மாவில் ஒரு கவளம் எடுத்து உடைப்பில் வைத்தார்.

"அழுத்திப் புடி கலியா, அடியில கசியுது" என்றார் சிங்காரம்.

சொன்ன பிறகுதான், யாரிடம் பேசினோம் என்பது அவருக்கு உறைத்தது. இருவரும் விலகி அவரவர் மூலைக்குப் போனார்கள். கப்பல் என் காலை மிதித்தார். மகிழ்ச்சி வந்தால் மிதிப்பார்.

பிட்சா வந்தது. ஓரம் செருப்புத் தோல் மாதிரி இருந்தது உண்மை. ஆனால் உடைப்பெடுத்த இடத்தில் வெல்லமும் மிளகாயும் கலந்திருந்ததே, அது அமிர்தம். சிங்காரத்தின் கை தானாக வரப்பைத் தாண்டியது. இந்தப் பக்கத்திலிருந்து கலியபெருமாளின் கையும் தாண்டியது. வியாதிகள் இரண்டையும் அன்றைக்கு யாரும் அழைக்கவில்லை.

அப்போதுதான் மழை பிடித்தது. கொட்டிய கொட்டில் வாய்க்கால் ததும்பியது. கொல்லை வேலிக்கு அப்பால் குபுகுபுவென்று சத்தம் கேட்டது. ஓடிப் பார்த்தோம். வாய்க்கால் தண்ணீர் கப்பலின் வயலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. கரையில் ஓர் ஆள் அகலத்துக்குப் பள்ளம். அடுப்புக்குக் களிமண் எடுத்தாரே மகானுபாவர், எடுத்த இடம் அதுதான்.

உலகத்தில் இருக்கிற அத்தனை புயலையும் பார்த்த மனிதர், தன் நெல்லுக்குள் தண்ணீர் போவதைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மண்ணு நிக்காது, கரைஞ்சிடும்" என்றார் கலியபெருமாள், அதற்குள் வாய்க்காலில் குதித்துக் கழுத்தளவு தண்ணீரில் நின்றபடி. அவருக்கும் சிங்காரத்துக்கும் ஒரே நேரத்தில் ஒரே எண்ணம் வந்திருக்க வேண்டும். பல வருடம் சேர்ந்து பசை காய்ச்சியவர்கள் அல்லவா? இருவரும் மைதா மூட்டையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சிங்காரம் மூட்டையை உருட்டி வர, கலியபெருமாள் அதை வாங்கி உடைப்பில் இறக்கினார். தண்ணீர் பட்டதும் மைதா களியாகிக் கரையைக் கவ்விக்கொண்டது. மேலே சிங்காரம் வைக்கோலும் மண்ணும் தள்ளத் தள்ள, கீழே கலியபெருமாள் முதுகைக் கொடுத்து நின்றார். "அழுத்திப் புடி கலியா" என்று ஒரு குரல், "புடிச்சிட்டுத்தாங்க இருக்கேன், நீங்க தள்ளுங்க" என்று ஒரு குரல். தண்ணீர் நின்றது.

தலை முதல் கால் வரை பசையோடு கரையேறினார்கள். சுவரைக் காட்டினால் போதும், இருவரையும் அப்படியே ஒட்டிவிடலாம். கப்பல் இருவரையும் கையெடுத்துக் கும்பிட்டார்.

சிங்காரம்தான் சொன்னார். "வழக்கு கோர்ட்டுல கெடக்கட்டும். நெல்லு என்ன பாவம் பண்ணுச்சு? காலையில ரெண்டு பேர் ஆளும் எறங்கட்டும். அறுத்துக் கப்பல் வீட்டுல பூட்டி வைப்போம். யாருக்குன்னு ஜட்ஜு சொல்லட்டும்."

கலியபெருமாள் தலையாட்டினார். கொஞ்சம் யோசித்து, அந்தக் கலந்த இடத்தில் இன்னொரு துண்டு இருக்கிறதா என்று கேட்டார்.

மறுநாள் முன்வயல் அறுத்தார்கள். அடுத்த நாள் கப்பலின் வயல். முதல் கதிர்க்கட்டைக் கப்பலே தலையில் தூக்கினார். ஸ்டார்போர்டில் சாய்ந்து சாய்ந்து நடந்தார். அந்த அரிசியில் அவர் பொங்கிய முதல் சோற்றை வழக்கம்போல் நான்தான் முதலில் சாப்பிட்டேன். குழைந்துபோயிருந்தது. அதைவிட நல்ல சாப்பாடு நான் சாப்பிட்டதில்லை.

வழக்கு? அது நடந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு குறுவை அறுப்புக்கு முன்னாலும் இருவரும் கப்பல் வீட்டுக்கு வந்து பிட்சா சாப்பிட்டு, அடுத்த வாய்தாவில் எதிரெதிரே நின்றார்கள். நான் மாற்றலாகிப் போனேன். கப்பலும் ஒருநாள் திரும்பி வராத கப்பலில் ஏறிவிட்டார்.

சமீபத்தில் அந்தப் பக்கம் போயிருந்தேன். உடைப்பெடுத்த இடத்தில் இப்போது சிமெண்ட் மதகு. டிராக்டர் ஓட்டி வந்தவரிடம் இது என்ன மதகு என்று கேட்டேன்.

"இதுங்களா? மைதா மடை. அந்தக் காலத்துல மைதான்னு ஒரு பெரியவர் இருந்தாராம். ஊரு ரெண்டுபட்டு நின்னப்ப, அவருதான் சேத்து வச்சுக் கட்டினாராம்."

நான் திருத்தவில்லை. இருந்தாருங்க, எனக்கு ரொம்ப வேண்டியவர் என்று மட்டும் சொன்னேன்.